கொல்லை யாருக்கு இருக்கு?

"மாமா, ஊட்டுக்குப் பின்னாடி ரெண்டு செடி வச்சா இன்னா தப்பு? சாணி கீது, சாம்பல் கீது. மருந்து வாங்கத் தேவயில்ல, உரம் வாங்கத் தேவயில்ல. எவன்கிட்டயும் போயி பொட்டலத்துக்கு நிக்க வாணாம். ரோட்டுல போலீசு கண்ணுல மாட்ட வாணாம். இயற்கையா வளர்ற செடிதானே மாமா?"

கேட்டவன் என் அக்காவின் இளைய மகன். வயசு பத்தொன்பது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் ஓடுகிறான். அவன் சொன்ன செடி கத்தரியும் அல்ல, வெண்டையும் அல்ல. கஞ்சா.

ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். பெரியவர்கள் செய்வது அதைத்தான். நான் செய்யவில்லை. அவன் கேள்வியில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதி அவனை ஜெயிலில் தள்ளக்கூடியது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதால்தான் அவனுக்குக் கண்டவனும் சொல்லிக் கொடுக்கிறான். அதனால் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். இதில் உங்களுக்குப் பிடிக்காததும் இருக்கும். இருக்கட்டும்.

முதலில் அவனுடைய அண்ணன் கதை.

மூத்தவனும் இதே ஒரகடத்தில்தான் வேலை பார்த்தான். பன்னிரண்டு மணி நேர நைட் ஷிப்ட். பிரஸ் மிஷினில் நிற்க வேண்டும், கண் அசந்தால் விரல் போகும். காலையில் வந்து படுத்தால் தகரக் கூரை கொதிக்கும், தூக்கம் வராது. தூங்குவதற்காக ஒருத்தன் ஒரு பீடி கொடுத்தான். பிறகு அதுவே பழக்கமாயிற்று. ஒருநாள் ராத்திரி வண்டியை மறித்தார்கள். அவன் சட்டைப் பையில் இருந்தது இரண்டு பொட்டலம். எஃப்.ஐ.ஆரில் இருந்தது 1 கிலோ 100 கிராம். அந்த நூறு கிராம் எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. வக்கீல்தான் விளக்கினார். அதைக் கீழே சொல்கிறேன். நாலு மாசம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது வேலை இல்லை. எந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றாலும் போலீஸ் சர்டிபிகேட் கொண்டா என்கிறான். எங்க அக்கா மூக்குத்தி முதற்கொண்டு அடகில் கிடக்கிறது.

இந்தக் கதை ஒரு வீட்டுக் கதை அல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும், சுங்குவார்சத்திரம் பக்கம், படப்பை பக்கம், எந்தக் காலனிக்குள் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். "கஞ்சா கேஸ் போட்டுடுவேன்" என்பது தமிழ்நாட்டுப் போலீசு வாயில் பழமொழி மாதிரி. கூலி கேட்டவன், சுவரெழுத்து எழுதியவன், காதலித்தவன், எதிர்த்துப் பேசியவன் என்று எவனுக்கும் அந்தப் பொட்டலம் தயாராக இருக்கிறது.

அண்ணன் பட்டதைப் பார்த்துத்தான் தம்பி புத்திசாலித்தனமாக யோசிக்கிறான். வாங்கினால்தானே ரோட்டில் பிடிப்பான், வீட்டிலேயே வளர்த்தால்? இந்த யோசனை எவ்வளவு பெரிய குழி என்பதைச் சட்டத்தைப் படித்தால்தான் தெரியும். படிப்போம்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். கையில் 1 கிலோ வரைக்கும் கஞ்சா இருந்தால் அது 'சிறிய அளவு'. ஒரு வருசம் வரை ஜெயில், அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவைத் தாண்டினால் பத்து வருசம் வரை. 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', பத்திலிருந்து இருபது வருசம். இப்போது அந்த நூறு கிராம் எதற்கு என்று புரிகிறதா? ஒரு வருசத்துக்கும் பத்து வருசத்துக்கும் நடுவில் இருக்கிற வரப்பு அது. அந்த வரப்பைத் தாண்டி என் மருமகனைத் தூக்கிப் போட ஒரு தராசு போதும்.

செடிக்கு? 20வது பிரிவின் (அ) உட்பிரிவு. கஞ்சாச் செடி எதைப் பயிரிட்டாலும் பத்து வருசம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அங்கே சிறிய அளவு கிடையாது. ஒரு செடியானாலும் ஒரு ஏக்கரானாலும் அதே பிரிவுதான். பையில் வைத்திருப்பவனுக்கு ஒரு வருசம், தொட்டியில் வைத்திருப்பவனுக்குப் பத்து வருசம். சாணி போட்டு வளர்த்தாயா யூரியா போட்டு வளர்த்தாயா என்று எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை.

ஆகவே, தம்பி, செலவில்லாத செடி என்று நீ சொல்கிறாய். அந்தச் செடியின் விலை பத்து வருசம்.

ஆனால் கதை இங்கே முடிந்துவிட்டால் நான் போலீசுக்கு நோட்டீஸ் எழுதுகிறவன் ஆகிவிடுவேன். செடியை யார் குற்றம் ஆக்கினான், யாருக்குக் குற்றம் ஆக்கினான் என்று கேட்காமல் விட முடியாது.

நூற்று முப்பது வருசத்துக்கு முன்பு வெள்ளைக்காரன் காலத்தில் அடுத்தடுத்து இரண்டு அறிக்கைகள் வந்தன. ஒன்று நம்மைப் பற்றியது. 1891இல் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதியது. இன்றைய ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தன. பறையர்களுக்கு நிலம் இல்லை, குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதாரன் பிடியில் இருக்கிறது, எதிர்த்துக் கேட்டால் மனையை விட்டே துரத்துகிறான் என்று எழுதினார். அதன் பேரில்தான் 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அது. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குள்தான் விற்கலாம் என்பது நிபந்தனை.

இரண்டாவது அறிக்கை கஞ்சாவைப் பற்றியது. 1893-94இல் இந்தியக் கஞ்சா ஆணையம் நாடு முழுக்கச் சுற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதி எழுதியது. பெருவாரியாகப் பயிரிடுவதை மட்டுமல்ல, வீட்டோரம் ஒன்றிரண்டு செடி வளர்ப்பதையும் விசாரித்தது. மிதமாகப் பயன்படுத்தினால் பெரிய கேடில்லை, அளவு மீறினால்தான் கேடு, முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்து என்று முடித்தது. வெள்ளைக்காரனுக்கு நம் மீது கருணை என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு வரி வேண்டும்.

இரண்டு அறிக்கையும் என்ன ஆயின? முதல் அறிக்கையால் வந்த நிலம் மிராசுதாரனிடம் போனது, ரெட்டியிடம் முதலியிடம் நாயக்கனிடம் போனது, பிறகு ரியல் எஸ்டேட்காரனிடம் போனது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்லிக் கத்திக்கொண்டே இருக்கின்றன. அதில் காரணை கிராமத்து நிலத்தைக் கேட்டுப் போராடியபோது 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீசு சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். கஞ்சா அறிக்கையோ, 1961ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 1985இல் சட்டம் வந்ததோடு குப்பைக்குப் போனது. நிலம் கொடு என்ற ஆணையை மீறியவன் எவனும் உள்ளே போகவில்லை. செடி வைக்காதே என்ற சட்டத்தில் மட்டும் நாம் உள்ளே போகிறோம்.

இதிலும் ஒரு பார்ப்பனிய வேலை இருக்கிறது, கவனியுங்கள். 1985 சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் வைத்த நுனிதான். நுனியில்லாமல் தனியாக இருக்கிற இலையும் விதையும் கஞ்சா அல்ல. ஏன்? இலையை அரைத்தால் பாங்கு. பாங்கு சிவபெருமான் பிரசாதம், ஹோலிப் பண்டிகைக்குப் பாலில் கலந்து குடிப்பது. காசியில் அரசாங்க உரிமத்தோடு கடை நடக்கிறது. அதே செடி. இலையாகக் கோயில் வாசலில் குடித்தால் பக்தி. நுனியாகச் சேரி முக்கில் புகைத்தால் குற்றம். ஒரே மாட்டில் பாலும் தயிரும் புனிதம், கறி மட்டும் தீட்டு என்று சொன்ன அதே மூளைதான் இந்தச் செடியையும் வெட்டிப் பங்கு போட்டிருக்கிறது.

சரி, போதை கேடு என்பதற்காகவே தடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் டாஸ்மாக் யார் கடை? 2003இலிருந்து சில்லறைச் சாராய விற்பனை மொத்தமும் அரசாங்கத்தின் கையில். 2023-24இல் அதன் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஷிப்ட் முடிந்து வருகிறவன் வழியிலேயே கடை. ஒரு போதையை விற்றுக் கஜானாவை நிரப்புகிறவன், இன்னொரு போதைக்காக நம் பிள்ளையைக் கஜானாச் செலவில் ஜெயிலில் வைக்கிறான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தது யார்? கூலிக்காரச் சனம். டாஸ்மாக் சரக்குக்குக் காசில்லாமல் மலிவுச் சாராயத்துக்குப் போன சனம். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் பக்கத்திலேயே அது விற்றது. அங்கே தராசு தேவைப்படவில்லை.

2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை' என்று பெயர் வைத்துத் தமிழ்நாடு போலீசு இறங்கியது. பெயரைப் பாருங்கள். வேட்டை என்றால் வேட்டையாடப்படுவது யார்? இங்கே வரும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர - ஒரிசா எல்லை மலையிலிருந்து வருவது. அதே வருசக் கடைசியில் ஆந்திரப் போலீசு ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அங்கே அழித்தது. பயிர் ஆதிவாசியின் மலையில். பொட்டலம் சேரிப் பையனின் சட்டைப் பையில். லாரியும் பணமும் மட்டும் எவன் வீட்டில்? அந்த வீட்டுக் கதவை எந்த வேட்டையும் தட்டவில்லை. பிடிபட்ட சின்னப் பையன் மீது கேஸ் போதாதென்று குண்டர் சட்டம் வேறு. 1982 சட்டம். விசாரணை இல்லாமல் ஒரு வருசம் உள்ளே வைக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்ப செடி வைக்கிறது நம்ம உரிமைன்னு போராடலாமே தோழர்?" என்று கல்லூரித் தோழர்கள் கேட்பார்கள். போன மாசம் ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டும் விட்டார். கஞ்சா கலகத்தின் மூலிகை, ஆர்கானிக், கார்ப்பரேட் மருந்துக்கு எதிரானது என்றெல்லாம் பேசினார். அவருக்கு என் பதில் இது.

ஆர்கானிக் என்ற சொல்லை நமக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். சாணி அள்ளியது யார்? எரு சுமந்தது யார்? ஏரி வண்டல் வெட்டிக் கூடையில் கொண்டுபோய் ஊர்க்காரன் வயலில் கொட்டியது யார்? எங்க ஆயா தலையில் சும்மாடு வைத்துச் சுமந்த எருவில் விளைந்த நெல் எவன் களத்துக்குப் போனது? எரு சுமந்தவளுக்குக் கொல்லை இல்லை. கொல்லை இருந்தவன் எரு சுமக்கவில்லை. இயற்கை விவசாயத்தின் முதல் பாடம் மண்புழு அல்ல, பட்டா.

வெளிநாட்டைக் காட்டுகிறீர்கள். நானும் காட்டுகிறேன். தென்னாப்பிரிக்காவில் கேரத் பிரின்ஸ் என்று ஒரு ரஸ்தஃபாரி. கஞ்சா வைத்திருந்த தண்டனையைக் காட்டி அவரை வக்கீலாகப் பதிய விடவில்லை. 2002இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தோற்றார். விடாமல் நின்று 2018 செப்டம்பரில் வென்றார். பெரியவர்கள் தனியிடத்தில் தங்களுக்காக வளர்க்கலாம், பயன்படுத்தலாம் என்று தீர்ப்பு. நல்ல போராட்டம், தலைவணங்குகிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்பது எதன் மேல்? அந்தரங்கத்தின் மேல். தனியிடம் இருக்கிறவனுக்குத்தான் அந்த உரிமை. ஜெர்மனியிலும் 2024 ஏப்ரலிலிருந்து வீட்டில் மூன்று செடி வைக்கலாம். அமெரிக்காவில் வெள்ளையனும் கறுப்பனும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா புகைக்கிறார்கள். ஆனால் கறுப்பர் கைதாவது வெள்ளையரைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் என்று அங்குள்ள சிவில் உரிமைச் சங்கம் 2020இல் கணக்குப் போட்டுக் காட்டியது. சட்டம் தளர்ந்த மாநிலங்களிலும் அந்த இடைவெளி மூடவில்லை. கடை வைத்தவன் பெரும்பாலும் வெள்ளையன்.

இங்கேயும் அந்தப் பாதை தொடங்கிவிட்டது. 1985 சட்டத்திலேயே அரசு அனுமதியோடு பயிரிட வழி உண்டு. 2018இல் உத்தரகாண்ட், நாருக்கும் விதைக்குமான போதை குறைந்த ரகத்துக்கு உரிமம் கொடுத்தது. அதில் துணி, எண்ணெய், சோப்பு என்று பட்டணத்துக் கடைகளில் ஆர்கானிக் முத்திரையோடு விற்கிறது. உரிமம் வாங்க என்ன வேண்டும்? நிலம் வேண்டும். நாளைக்கே தமிழ்நாட்டில் உரிமம் கொடுத்தால் வாங்கப் போவது ஒரகடத்துக் காண்ட்ராக்ட் தொழிலாளியா, பண்ணைவீட்டுக்காரனா? அதே செடிக்குக் கேஸ் நமக்கு, லைசென்ஸ் அவனுக்கு.

இன்னொரு பக்கம் நம் பெரியவர்கள். "கஞ்சாக்கார நாய்ங்களால காலனி மானம் போவுது, புடிச்சிக் குடுங்க" என்கிறார்கள். பாபாசாகேப் 1956இல் நாகபுரியில் எடுக்க வைத்த உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. நானும் அதை ஏற்றவன். அதற்காக நம் பிள்ளையை நாமே போலீசிடம் பிடித்துக் கொடுப்பதா? உறுதிமொழி என்பது மனிதன் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்வது. லாக்கப்பில் ஒருவனை நிமிர்த்த முடியாது. அங்கே முதுகைத்தான் உடைப்பான்.

கஞ்சா நல்லது என்று நான் எழுதவில்லை. சின்ன வயசில் தொடங்கித் தினமும் இழுத்தால் சிலருக்குப் புத்தி பேதலிக்கும் அபாயம் உண்டு என்று மருத்துவம் சொல்கிறது. மிஷினில் நிற்கிறவனுக்கு விரல் போகும். தூக்கத்துக்குக் கஞ்சா தேடுகிறவனுக்கு வேண்டியது உண்மையில் தூக்கம். எட்டு மணி நேர வேலை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேற்றினார்கள். தொழிலாளிகள் கொதித்த பிறகு திரும்ப வாங்கினார்கள். சட்டத்தில் வாங்கிவிட்டார்கள். ஷெட்டுக்குள்ளே ஓவர்டைம் என்ற பெயரில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்காதவனுக்குப் பையன் பீடியைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது செடி வைக்கும் அனுமதியை அல்ல. சொந்தத்துக்கு வைத்திருப்பவனையும் புகைப்பவனையும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடு. போர்ச்சுக்கல் 2001இல் எடுத்தது, அந்த நாடு ஒன்றும் அழிந்துவிடவில்லை. ஜெயிலுக்குப் பதில் ஆஸ்பத்திரி கொடு. நம் சட்டத்தின் 39வது பிரிவிலும் 64அ பிரிவிலும் சிகிச்சைக்கு வழி இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்து. சில்லறைப் பையன்கள் மீது குண்டர் சட்டம் போடுவதை நிறுத்து. பஞ்சமி நிலத்தை அளந்து கொடு.

அதுவரைக்கும் ஒவ்வொரு காலனியிலும் நாலு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். உடம்பைச் சோதிக்க வந்தால், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்க 50வது பிரிவில் உரிமை உண்டு. எதற்குக் கைது என்று சொல்லியாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். ஜாமீனைக் கட்டிப்போடுகிற 37வது பிரிவு வணிக அளவு போன்ற பெரிய குற்றங்களுக்குத்தான், பொட்டலத்துக்கு அல்ல. ஸ்டேஷனில் அடித்து வாங்கின ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்ததும் ஆகாது என்று 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எடை போடும்போது யார் இருந்தார்கள், எந்தத் தராசு, தண்டும் மண்ணும் சேர்த்து நிறுத்தானா என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். மூத்தவன் கேஸில் இதையெல்லாம் கேட்க அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியாகத் தம்பிக்கு. நீ கொல்லை கொல்லை என்கிறாயே, வா, போய்ப் பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் நாலடி. அதில் பாதி, வடநாட்டுத் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்ட ரூமின் கக்கூஸ் தொட்டி. மீதி மண்ணுக்குப் பட்டா கிடையாது. தாலுகா ஆபீசில் கேட்டால் புறம்போக்கு என்கிறான். உன் தாத்தா மனு கொடுத்தார், உன் அப்பன் மனு கொடுத்தான், நானும் கொடுத்திருக்கிறேன்.

"இதுல நீ ஒரு செடி வையி. மறுநாளே போலீசு வருவான். 'இன்னாருக்குச் சொந்தமான வீட்டுக் கொல்லையில்'னு எஃப்.ஐ.ஆர்.ல முத்து முத்தா எழுதுவான். மூணு தலைமுறையா தாசில்தாரு தராத பட்டாவ அன்னிக்கு இன்ஸ்பெக்டரு எழுதிக் குடுப்பான். அந்தப் பட்டா நமக்கு வாணாம்டா."

பையன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மனு நகலு எங்க மாமா கீது?" என்று கேட்டான். டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். அண்ணனும் தம்பியும் வருகிறார்கள். பட்டா இல்லாத கொல்லை உங்கள் காலனியிலும் இருக்கும். நீங்களும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.